இரண்டு தட்டு

புஷ்பம் முன் ஸீட்டின் முதுகில் மறுபடியும் இரண்டு தட்டுத் தட்டினாள். கார் நகரவில்லை. கணவர் சுந்தர்சிங்கின் பின்னந்தலையும், பவுடர் போட்ட கழுத்தும், இஸ்திரி மடிப்புக் கலையாத காலரும் அவளுக்கு நேர் எதிரே இருந்தன. கைகள் ஸ்டியரிங்கின் மேல் இருந்தன. கோபம்தான், வேறென்ன என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கும்தான் கோபம். பின் ஸீட்டில் ஏறும்போது காலடியில் என்னவோ இரும்பு இடித்துச் சுண்டுவிரல் வேறு விண்விண்ணென்று தெறித்தது.

"தட்டிட்டேன்ல? எடுங்க. ஆறு அஞ்சு ஆயிடுச்சு. அப்புறம் என்னாலதான் லேட்டுன்னு சொல்லக் கூடாது."

மூன்றாவது முறை பலமாகவே தட்டினாள். அந்த அதிர்வில் அவர் தலை மெல்லச் சாய்ந்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. ஒரு கை நழுவி மடியில் விழுந்தது. இரண்டு தட்டுக்கு அசையாத மனிதர் இல்லை அவர். புஷ்பத்துக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

அது எப்படித் தெரிந்தது என்றால், அவருடைய உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். சுந்தர்சிங் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓட்டியவர். முப்பது வருஷம், போக வர, போக வர. அந்த மைல்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் சீமைக்கே பல தடவை போய்வந்திருக்கலாம். ஆனால் தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு கஜம் ஓட்டியது கிடையாது. அந்த ரயிலுக்கு ஒரு சட்டம் உண்டு. கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு இரண்டு முறை மணி அடித்தால் புறப்படலாம். ஒரு முறை அடித்தால் நிற்க வேண்டும். மணி வராமல் வண்டியை எடுப்பது, கர்த்தர் கூப்பிடாமல் பரலோகத்துக்குப் புறப்படுகிற மாதிரி என்பார்.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், பல்லாவரத்துத் தோல் மண்டிக்காரர் ஒருவரிடமிருந்து பழைய கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். பதினாறு வயதுக் கார். கதவைத் திறந்தால் பதனிட்ட தோல் நாற்றம் குப்பென்று அடித்தது. புஷ்பம் ஆறு மாதம் எலுமிச்சைத் தோலைத் தேய்த்துத் தேய்த்து அதை விரட்டினாள். விரட்ட முடியாத சங்கடம் வேறொன்று இருந்தது. முப்பது வருஷம் வண்டி ஓட்டியவருக்கு வண்டியைத் திருப்பத் தெரியாது. தண்டவாளம் திருப்பிக்கொண்டிருந்த வேலை அது. ஓட்டச் சொல்லிக்கொடுத்த மெக்கானிக் சவுரிமுத்து முதல் நாளே தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இன்னா சார், மாடு நிக்குது, நீங்க பாட்டுக்கு நேராப் போய்க்கினே கீறீங்க? கொஞ்சம் ஒடிங்க சார்! மாடு இன்னா சிக்னலா, நின்னு காத்துக்கினு இருக்க?"

சுந்தர்சிங் பிரேக்கை மிதித்து, மாடு தானாகப் போகிறவரை பொறுமையாகக் காத்திருந்தார். அது அவருக்குப் பழகிய காரியம்.

சனிக்கிழமைதோறும் காருக்குத் திருவிழா. பானெட்டைத் திறந்து பிளக்கைத் துடைப்பார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார். ரயில் சக்கரத்தைத் தட்டிப் பார்க்கிற மாதிரி சின்னச் சுத்தியால் நாலு டயரையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். டயர் என்ன பதில் சொல்லிற்று என்பது அவருக்குத்தான் வெளிச்சம். புஷ்பம் பழைய புடவைத் துணியும் ஸ்பேனருமாகப் பக்கத்தில் நிற்பாள். எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று மூன்றே வருஷத்தில் அவளுக்கும் அத்துப்படியாகிவிட்டது. ஸ்பேனரும் சுத்தியும் போட்டுவைக்கிற இரும்புச் சாமான் பெட்டிக்கு இடம் முன் ஸீட். அவசரத்துக்குக் கை எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டுமாம். புஷ்பத்துக்கு இடம் பின் ஸீட். கதவு சாத்தியாயிற்றா, புடவைத் தலைப்பு மாட்டவில்லையே என்று பார்த்துவிட்டு அவள் இரண்டு தட்டுத் தட்டினால்தான் கார் கிளம்பும். தாம்பரம் வீட்டிலிருந்து பல்லாவரம் சந்தைக்கும் மவுண்டில் இருக்கும் மகள் வீட்டுக்கும் ஏழு வருஷம் இப்படித்தான் போனார்கள். காரிலும் அவர் வடக்கேதான் போனார்.

தெற்கே போகலாம் என்று போன கிறிஸ்துமஸுக்கு அவரேதான் ஆரம்பித்தார். தரங்கம்பாடிக்கு. புஷ்பம் பிறந்த ஊர். ஐந்து மாதம் ஏற்பாடு நடந்தது. இரண்டு டயர் மாற்றினார்கள். எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே நிழல் இருக்கும் என்று கேட்டுக் கேட்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். ஐந்து நாற்பதுக்குப் புறப்பாடு என்று காலண்டரிலும் எழுதிவைத்தார்.

அந்த ஐந்து நாற்பதுக்குப் பத்து நிமிஷம் முன்னால்தான் புஷ்பம் வாயைத் திறந்தாள்.

"இன்னிக்கு நான் முன்னாடி உக்காரப்போறேன்."

"கார்டு பின்னாடிதான்" என்றார் அவர்.

"எங்க ஊர்ல நான் பின்னாடி உக்காந்து போய் எறங்கினா, டிரைவர் வெச்சுக்கிட்டு வந்திருக்கான்னு நெனப்பாங்க. ஒங்க பக்கத்துல உக்காந்து போகணும்னு எனக்கு ஆசை இருக்காதா?"

அவர் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கார்க் கதவு திறக்கிற சத்தமும் சாத்துகிற சத்தமும் கேட்டன. காத்துக்கிடக்கட்டும் என்று புஷ்பம், கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள். ஆணியில் மாட்டியிருந்த துண்டை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மடித்தாள். ஹார்ன் அடிப்பார் என்று எதிர்பார்த்தாள். அடிக்கவில்லை. ஐந்து நாற்பது போய் ஆறும் ஆயிற்று.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இதயம்தான் என்றார். "கடைசியா எப்பம்மா பேசினாரு?"

"இப்பதான் டாக்டர். இப்பதான் பேசிக்கிட்டிருந்தோம்" என்றாள் புஷ்பம். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சொன்ன பிறகு மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

"ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு."

நாலு மணிக்கு அடக்கம் என்று முடிவாயிற்று. மவுண்டிலிருந்து மகள் ஞானஜோதி கதறிக்கொண்டு வந்தாள். கோயில் ஜனங்கள் வந்து, நல்ல சாவு, யாருக்குக் கிடைக்கும் இப்படி என்றார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் புஷ்பத்துக்கு அந்த இருபத்தைந்து நிமிஷம் நெஞ்சில் வந்து குத்தியது. அதில் எந்த இரண்டு நிமிஷம்? அவள் துண்டு மடித்த இரண்டு நிமிஷமா? கூப்பிட்டாரோ? தண்ணீர்க் குழாய்ச் சத்தத்தில் காதில் விழவில்லையோ?

மத்தியானம் அசரியா வந்தார். பதினெட்டு வருஷம் சுந்தர்சிங்குக்குக் கார்டாக இருந்தவர். உடலின் காலடியில் வெகுநேரம் நின்றுவிட்டு, பின்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்த புஷ்பத்திடம் வந்தார். அவரைக் கண்டதும் அவளுக்கு அடக்க முடியவில்லை.

"தம்பி, நான் பொய் சொல்லிட்டேன். பேசிக்கிட்டெல்லாம் இல்ல. வேணும்னே அவர இருபத்தஞ்சு நிமிஷம் காக்க வெச்சேன். கோவத்துல. அவர் அங்க தனியா..."

அசரியா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"அக்கா, ஒருக்கா சானடோரியம் ஸ்டேஷன்ல நான் டிக்கெட் இல்லாத ஒருத்தன் கூட சண்ட போட்டுக்கினு பெல் அடிக்கவே மறந்துட்டேன். ஒம்போது நிமிஷம். ஜனங்கள்லாம் கத்துது. அண்ணன் இன்னா பண்ணிக்கினு இருந்தாருன்றீங்க? வேர்க்கடல தின்னுக்கினு வேடிக்க பாத்துக்கினு இருந்தாரு. காக்கறதுல அவருக்குக் கோவமே வராதுக்கா. கார்டு பின்னாடி கீறான்னு தெரிஞ்சா போதும்."

புஷ்பம் முதல் தடவையாக அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

மூன்றரை மணிக்குக் கோயிலிலிருந்து சவ வண்டி வந்தது. நாலு பேர் தள்ளுகிற மர வண்டி. ஆனால் உள்ளே கொண்டுவர வழியில்லை. ஊருக்குப் புறப்பட்ட கோலத்தில், கேட்டை அடைத்துக்கொண்டு கார் நின்றது. ஆட்கள் தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை.

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்கும். இருங்க" என்று புஷ்பமே எழுந்து போனாள்.

முன் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முன் ஸீட்டில் சாமான் பெட்டி இல்லை. கிரீஸ் கறை தெரியாமல் வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. அதன் மேல், அவள் வாசல் திண்ணையில் தையல் மெஷினுக்கு முன்னால் போட்டு உட்காருகிற ரோஜாப்பூ போட்ட குஷன். ஒரு பக்கம் பிய்ந்து பஞ்சு தெரிவதால் அந்தப் பக்கத்தை அடியில் திருப்பிப் போட்டிருந்தார். சாமான் பெட்டி பின்னால் காலடியில் கிடந்தது. காலையில் அவள் சுண்டுவிரலை இடித்த இரும்பு அதுதான்.

அவள் முன்னால் உட்கார்ந்தால் பின்னாலிருந்து தட்டுவதற்கு யார் இருக்கிறார்கள்? பிறந்தது முதல் மணி கேட்காமல் வண்டி எடுக்காத மனிதர், இன்றைக்கு மணி இல்லாமலே எடுத்துவிடுவது என்று தீர்மானித்திருக்கிறார். அதை உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார். அவள் அந்தக் கதவைத் திறந்து பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்திருக்கிறார். அவளோ கோபத்தில் முன்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின் கதவைத் திறந்து ஏறினாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அம்மா, அந்த குஷன உள்ள வெச்சிடட்டா?" என்றாள் ஞானஜோதி.

"அது அங்கயே இருக்கட்டும்."

பிரேக்கை விடுவித்தாள். காரைத் தெருவோரம் தள்ளி நிறுத்தினார்கள். சவப்பெட்டியை மர வண்டியில் ஏற்றியாயிற்று. போதகர் ஜெபம் முடித்து முன்னால் போய் நின்றார். இரும்புலியூர்ப் பக்கத்துக் கல்லறைக்குப் பெண்கள் வெயிலில் நடக்க வேண்டாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் தம் காரைக் கொண்டுவந்திருந்தார்.

"வாம்மா, நாம கார்ல முன்னாடி போயிடலாம்" என்று ஞானஜோதி கையைப் பிடித்தாள்.

புஷ்பம் கையை விடுவித்துக்கொண்டாள். "கார்டு பின்னாடிதான்" என்றாள்.

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. புஷ்பம் சுற்றிக்கொண்டு மர வண்டியின் பின்பக்கம் போய் நின்றாள். தலைப்பு எதிலும் மாட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். கதவு இல்லாத வண்டி. பின்பலகையில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள். கை அங்கேயே நின்றுவிட்டது.

தள்ளுகிறவர்கள் பலகைச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தார்கள். போகலாமென்று ஒருவன் வண்டியில் தோள் கொடுத்தான்.

"இருப்பா" என்றார் அசரியா. "இன்னொண்ணு கீது."

எல்லோரும் நின்றார்கள். போதகர் புத்தகத்தை மூடிக்கொண்டு காத்திருந்தார். ஸ்டேஷன் பக்கம் மின்சார ரயில் ஒன்று வந்து நின்று, மறுபடி கடற்கரைக்குக் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டுத் தேய்ந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

புஷ்பம் இன்னொரு தட்டுத் தட்டினாள். வண்டி மெல்ல நகர்ந்து, தெருமுனையில் தெற்கே திரும்பியது.