ஒன்பதடிக் கோடு

அவருக்கு ஊர் வைத்த பெயர் பாதாளம். இருபது வருஷமாகத் தண்ணீருக்குப் போர் போடுகிற மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? முந்நூறடியில் தண்ணீர் பீறிட்ட காலத்தில் அதைச் செல்லமாகத்தான் சொன்னார்கள். ஏரி வற்றி, எழுநூறடியிலும் வெறும் தூசி கிளம்பத் தொடங்கியபின் அதே பெயரைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்கள். அவரும் போர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

எத்தனையோ குழி போட்டிருந்தாலும் அவர் மனசை அரித்தது ஒன்றே ஒன்றுதான். தங்கையின் வேலியிலிருந்து பத்தடி தள்ளி, பக்கத்துத் தோட்டத்தில் போட்ட தொள்ளாயிரமடி. அன்று தங்கை ஓடி வந்து, என் கிணறு என்னாகும் என்று கேட்டாள். அது வேறு ஊற்று, உன் கிணற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். தெரிந்து சொன்ன பொய் இல்லை, தொழில்காரனின் திமிர். நாலே மாசத்தில், தங்கையின் வீட்டுக்காரர், மாப்பிள்ளை, தன் கையால் தோண்டிய நாற்பதடிக் கிணறு வறண்டது. எலுமிச்சை மரங்கள் காய்ந்தன. பட்டணத்துக்குக் கட்டட வேலைக்குப் போன மாப்பிள்ளை சாரத்திலிருந்து விழுந்து, பிணமாகத்தான் வீடு வந்தார். அதிலிருந்து மூன்று வருஷமாக அண்ணனோடு தங்கைக்குப் பேச்சில்லை.

இந்த நிலையில்தான் பள்ளிக்கூடத்து ஓவிய டீச்சர், ஏரிக்கரைச் சுவரில் ஊரே சேர்ந்து படம் வரையலாம் என்றார். பூவும் பட்டாம்பூச்சியும்தான் வரப்போகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். டீச்சர் கேட்டதோ கிணறுகளை. அவரவர் கிணற்றை அவரவரே வரைய வேண்டும். நூறடி ஆழத்துக்குச் சுவரில் ஓரடி, மேலிருந்து கீழாக ஒரு கோடு.

வர்ணத்துக்கு டீச்சர் பாதாளத்திடம் வந்தார். போர் போடும்போது, ஆழம் கூடக் கூட வெளியே வருகிற தூளைக் கைப்பிடி கைப்பிடியாக வரிசையில் குவித்து வைப்பது தொழில் வழக்கம். கீழே என்ன பாறை என்று நிலத்துக்காரருக்குக் காட்டத்தான். எல்லோரும் அதைக் காலால் தள்ளிவிட்டுப் போவார்கள். இவர் மட்டும் கொஞ்சம் கொஞ்சம் பொட்டலம் கட்டி, இன்னார் தோட்டம், இத்தனை அடி என்று எழுதி, இரும்புப் பெட்டி நிறைய வைத்திருந்தார். செம்மண், மஞ்சள், கறுப்பு, சாம்பல். கோந்து கலந்ததும் எல்லாமே வர்ணமாயிற்று.

நாலு நாளில் சுவர் முழுக்கக் கோடுகள் இறங்கின. வருஷவாரியாக நிற்க நிற்க, ஒன்றைவிட ஒன்று நீளம். எவனெவனையோ திட்டிக்கொண்டிருந்த ஊர், தன் கைவரிசையைத் தானே பார்த்தது. இனி புதுக்குழி வேண்டாம் என்று அங்கேயே பேசி முடித்தார்கள். ஏரிக்கு வரும் வாய்க்காலைத் தூர்வார மறுநாளே இருபது மண்வெட்டி கிளம்பியது. பாதாளம் பொட்டலம் எடுத்துக் கொடுக்கிற சாக்கில் தள்ளியே நின்றார். தூரிகையை அவர் தொடவில்லை.

ஐந்தாம் நாள் காலை தங்கை வந்தாள்.

"என் கிணத்து மண் உன்கிட்ட இருக்கா?"

மூன்று வருஷத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை. கையால் தோண்டிய கிணற்றுக்கு ஏது பொட்டலம்? கயிற்றை எடுத்துக்கொண்டு நேரே அவள் தோட்டத்துக்குப் போனார்.

பக்கச்சுவரில் மாப்பிள்ளை கால் வைத்து ஏற வெட்டிய குழிகள் அப்படியே இருந்தன. அவற்றில் கால் வைக்கக் கூசி, கயிற்றிலேயே தொங்கி இறங்கினார். அடியில் விரலால் கிளறினால் நல்ல சிவப்பு. ஆனால் அதன்மேல் மெல்லிசாக ஒரு சாம்பல் படலம். அவருக்கா தெரியாது அந்தத் தூள்? பக்கத்துத் தோட்டத்துப் பாறையை அவருடைய வண்டி அரைத்துத் துப்பியபோது, காற்றில் வந்து விழுந்தது. உள்ளே உட்கார்ந்து அழுதார். சிவப்பை மட்டும் அள்ளிக்கொண்டு ஏறியிருக்கலாம், யாருக்கும் தெரியாது. இரண்டையும் தனித்தனியாக முடிந்துகொண்டு வந்தார்.

தங்கை சிவப்பைக் குழைத்துத் தன் கிணற்றை வரைந்தாள். ஒரு சாண்கூட இல்லை. பக்கத்தில், அந்தத் தொள்ளாயிரமடிக்கான இடம் காலியாக இருந்தது. அந்தத் தோட்டத்துக்காரர் எல்லாவற்றையும் விற்றுவிட்டு எப்போதோ போய்விட்டார். அவள் சாம்பல் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். எந்தக் குழியின் தூள் என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. கோந்தில் குழைத்து, தூரிகையோடு அண்ணனிடம் நீட்டினாள்.

"அவரு இருந்தா உன்ன மன்னிச்சிருப்பாரு. எனக்கு மனசு வரல, அண்ணா. இந்தக் கோட்ட நீயே போடு."

அவர் ஏணியில் ஏறினார். ஏணி ஆடியது. கீழே அவள் வந்து இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஓரடி, இரண்டடி, மூன்றடி. ஒவ்வொரு படியாக இறங்கி வரைந்தார். கால் தரையைத் தொட்டதும் அவள் கையை எடுத்துவிட்டாள். செருப்புச் சத்தம் கரையேறிப் போவதைக் கேட்டுக்கொண்டே, மிச்சத்தை நின்று வரைந்தார், பிறகு குனிந்து, பிறகு மண்டிபோட்டு. ஒன்பதடி முடியவே இல்லை.