கொம்பு முளைத்த காரைத் தானம் கொடுத்தது

ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் வெர்னா கிளிங்கரின் காருக்குக் கொம்பு முளைக்கத் தொடங்கியது. பானெட்டில், நசுங்கிய இடத்துக்குச் சற்று மேலே, இரண்டு பக்கமும் கோழிமுட்டை அளவுக்குப் புடைத்து வந்தது. தொட்டால் சூடாக இருந்தது. மேலே மெல்லிய பழுப்பு மயிர் படர்ந்திருந்தது. ஹெம்லாக் ரன் ஊரில் அந்த வருடம் பனி தாமதமாக உருகியதால் உருளைக்கிழங்கு விதைப்பும் தள்ளிப் போயிருந்தது. ஊர்க்காரர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் பேசினார்கள். ஆகஸ்டில் கொம்பு முழநீளம் வளர்ந்தது. செப்டம்பரில் கார் இடத்தை விட்டு நகராமல் முன்னும் பின்னும் அசைந்து, பக்கத்து மேப்பிள் மரத்தில் கொம்பை உரசி மயிர்த்தோலை உரித்துக்கொண்டது. ஜனவரியில் இரண்டும் ஒரு வார இடைவெளியில் உதிர்ந்தன. அடுத்த ஏப்ரலில் மறுபடியும் முளைத்தன, இந்த முறை கிளைகளோடு.

அதற்கு முந்தைய நவம்பரில்தான் விபத்து நடந்திருந்தது. வெர்னாவின் கணவர் ஆர்லின் நிலக்கரிச் சுரங்கத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து நுரையீரல் கெட்டுப்போனவர். கடைசி நான்கு வருடம் அவர் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தார். வெர்னா முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் எட்டு மணிநேரம் படுக்கை விரிப்புகளைத் துவைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அவருடைய விரிப்புகளையும் துவைத்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு ஐந்து நாள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தவளை, ஆர்லினின் அக்கா மாவிஸ் வந்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டுக்கு அனுப்பினாள். மறுநாள் விடிகாலையில் திரும்பிப் போகும்போது மலைச்சாலையில் ஒரு கலைமான் குறுக்கே பாய்ந்தது. காரின் முன்பக்கம் நொறுங்கியது, ஒரு விளக்கு போனது, வலது பக்கக் கதவு மடங்கிக்கொண்டது. மான் மட்டும் கிடைக்கவில்லை. போலீஸ்காரர் சாலையின் இரண்டு பக்கமும் டார்ச் அடித்துத் தேடிவிட்டு, "மான் உள்ளே போனது, வெளியே வரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதே காலையில், ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஆர்லின் இறந்துபோனார்.

காப்பீடு எதிரில் வருபவருக்கு மட்டும்தான், சொந்தக் காருக்கு இல்லை. அதனால் கார் வீட்டு முற்றத்துக்கு வந்து அங்கேயே நின்றது. அது தன்னைச் சுற்றியிருந்த புல்லை மட்டமாக மேய்ந்துவிட்டது. குளிர்காலத்தில் மேய எதுவும் இல்லாமல் என்ஜின் பக்கமிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம் வர, வெர்னா மூன்று நாள் காதில் வாங்காதவள்போல இருந்துவிட்டு, நான்காம் நாள் ஒரு வாளி அழுகல் ஆப்பிளைக் கொண்டுபோய் முன்பக்கக் கம்பிகளுக்கிடையில் திணித்தாள். காலையில் கம்பிகள் சுத்தமாக இருந்தன. அன்றிலிருந்து அதுவும் அவளுடைய வேலைகளில் ஒன்றாகிவிட்டது. ஆப்பிள், உப்புக்கட்டி, பனி விழும்போது மேலே ஒரு போர்வை. வேட்டைக் காலத்தில் மான் என்று நினைத்துச் சுட்டுவிடப் போகிறார்கள் என்று, தூரத்திலேயே தெரிகிற ஆரஞ்சுத் துணி கட்டுவாள். துணி கட்டும்போதெல்லாம் அவளுக்கு முழங்கால் வலித்தது. இப்படி ஆறு வருடம் போனது. ஆறாவது வருடம் கொம்பில் பத்துக் கிளை இருந்தது. அதைப் பார்க்கப் பக்கத்து மாவட்டத்திலிருந்து ஆட்கள் வந்து, படம் எடுத்துக்கொண்டு, கழிவறை எங்கே என்று கேட்டார்கள்.

ஆறாவது வருடம் கோடையில் ஊராட்சியிலிருந்து கடிதம் வந்தது. பதிவு இல்லாத, ஓடாத வாகனத்தை முற்றத்தில் வைத்திருக்கக் கூடாது, தொண்ணூறு நாளில் அகற்ற வேண்டும். கொம்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு வெர்னா மாவிஸின் வீட்டுக்குப் போனாள்.

"தானம் குடுத்துருடி. அதுக்குன்னே சங்கம் இருக்கு, உடைஞ்ச கார்னாலும் வாங்கிக்கறாங்க. அவங்களே வந்து தூக்கிட்டுப் போயிருவாங்க. உனக்கு வரியில கழிப்பாங்க."

"அதுக்குக் கொம்பு இருக்கே, மாவிஸ்."

"இருந்தா என்ன? கொம்பு இருக்கற காருக்குக் கழிவு கிடையாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

மாவிஸுக்கு எழுபது வயது. எந்த விஷயத்திலும் அவளிடம் ஒரு யோசனை இருக்கும். ஒவ்வொரு நவம்பரிலும் சர்ச் விருந்தில், பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோசும் பரிமாறி முடிந்ததும், தம்பியின் கடைசி நிமிடத்தை அவள் சொல்லுவாள். தான் கையைப் பிடித்திருந்தது, அவன் வெர்னாவைக் கேட்டது, ஜன்னல் பக்கம் பார்த்தது. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வெர்னா தட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள்.

சங்கத்துக்குத் தொலைபேசியில் பேசியபோது எடுத்த பெண் சூயிங்கம் மென்றுகொண்டே கேள்வி கேட்டாள். உரிமைப் பத்திரம் இருக்கிறதா, சாவி இருக்கிறதா, நான்கு டயரும் இருக்கிறதா. வெர்னா எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லிவிட்டு, கொம்பைப் பற்றியும் சொன்னாள்.

"ஒட்டியிருக்கா, தனியா இருக்கா மேடம்?"

"ஒட்டித்தான் இருக்கு. ஜனவரியில விழும்."

"அப்ப கூடுதல் பாகம்னு போட்டுக்கறேன். என்ன சாப்பிடுது?"

"ஆப்பிள்."

"சரி மேடம். அக்டோபர் ஒன்பதாம் தேதி காலைல வண்டி வரும்."

அந்தச் சங்கம் மலைப்பக்கத்து ஊர்களில் கார் இல்லாத நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டி வருகிற சங்கம். வருகிற கார்களில் தேறுவதைத் தாங்களே வைத்துக்கொள்வார்கள், தேறாததை ஏலத்தில் விடுவார்கள்.

ஒன்பதாம் தேதி காலையில் மாவிஸ் ஒரு பெட்டி டோனட்டோடு வந்தாள். வெர்னா சமையலறை மேஜையில் சங்கத்தின் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். சேதம் எப்போது, எப்படி ஏற்பட்டது என்ற இடத்தில், மானில் மோதி, காலை ஆறரை மணி, என்று எழுதினாள். அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த மாவிஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஆறரையா? ஏழு பத்துன்னுல்ல போலீஸ் பேப்பர்ல இருந்தது?"

வெர்னா பேனாவை மூடினாள். ஆறு வருடம் சலவை இயந்திரங்களின் சத்தத்துக்கு நடுவில் அவள் இந்தக் கேள்விக்குப் பலவிதமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தாள். அன்றைக்கு அதில் ஒன்றைத் தேடி எடுக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"ஏழு பத்துக்குத்தான் நான் போன் பண்ணேன். இடிச்சது ஆறரைக்கு."

"நடுவுல?"

"உக்காந்திருந்தேன்."

"அடிபட்டு மயக்கமா?"

"இல்ல. எனக்கு ஒண்ணுமே ஆகல. ஹீட்டர் ஓடிட்டு இருந்தது, கார் கதகதன்னு இருந்தது. உள்ள மான் மூச்சு விடற சத்தம் கேட்டுது. போன் மடியிலதான் கிடந்தது. யாரையாவது கூப்பிட்டிருந்தா இருபது நிமிஷத்துல வந்து என்னை ஆஸ்பத்திரியில விட்டிருப்பாங்க. கூப்பிடல. நாலு வருஷத்துல அன்னிக்குத்தான் யாரும் என்னைக் கூப்பிடாத ஒரு இடம் கிடைச்சுது, மாவிஸ். கொஞ்ச நேரம் இருக்கலாம்னு நெனச்சேன். நாப்பது நிமிஷம் ஆயிடுச்சு. அவரு உங்க கையைப் புடிச்சுட்டு என்னைக் கேட்டுட்டு இருந்தப்போ நான் ஓய்வு எடுத்துட்டு இருந்தேன்."

மாவிஸ் டோனட் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தாள், மறுபடியும் கட்டினாள். வெளியே கார் மேப்பிள் மரத்தில் கொம்பை உரசுகிற சத்தம் கேட்டது. மாவிஸ் பேசியபோது, சர்ச்சில் பேசுகிற குரலாக அது இல்லை.

"என்னை அவன் கேட்கவும் இல்ல, உன்னைக் கேட்கவும் இல்ல. நான் அங்க இல்லடி."

வெர்னா நிமிர்ந்து பார்த்தாள்.

"கீழ கேன்டீன்ல இருந்தேன். முட்டை சாப்பிட்டேன். யாரோ பேப்பரை விட்டுட்டுப் போயிருந்தாங்க, குறுக்கெழுத்துப் போட்டேன். ஒரு வார்த்தை வரல, அது வந்துட்டாப் போகலாம்னு ரெண்டாவது காபி வாங்கினேன். மேல போனா நர்ஸ் ஜன்னலைத் திறந்து வெச்சிருந்தா. எதுக்கு இந்தக் குளிர்ல திறந்தேன்னு அவகிட்ட சண்டை போட்டேன். உயிர் போன ரூம்ல ஜன்னலைத் திறந்து வைப்பாங்கன்னு அப்பத் தோணல. அப்புறம்தான் கட்டிலைப் பார்த்தேன்."

"கையைப் புடிச்சிருந்தேன்னு..."

"நீ வந்து நின்னப்போ உன் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னேன். ஒரு தடவை சொல்லிட்டேன். அப்புறம் நிறுத்த வழி தெரியல. வருஷா வருஷம் கொஞ்சம் கூடிட்டே போகுது. ஜன்னல் பக்கம் பார்த்தான்னு போன வருஷம்தான் சேர்த்தேன்."

இரண்டு பேரும் அழவில்லை. வெர்னா பெட்டியைத் திறந்து இரண்டு டோனட்டை எடுத்து வைத்தாள். யாருமே இல்லாத ஓர் அறையில் ஆர்லின் இறந்துபோயிருக்கிறார் என்பதை இருவரும் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஆர்லின் கூட்டம் பிடிக்காத மனிதர், யார் வீட்டுக்கு வந்தாலும் பின்கட்டுக்குப் போய்விடுவார், என்று ஒரு கட்டத்தில் வெர்னா சொன்னாள். மாவிஸ் ஆமாம் என்றாள். படிவத்தில் ஆறரை மணி அப்படியே இருந்தது.

பத்து மணிக்கு இழுவை வண்டி வந்தது. ஓட்டுநர் பெயர் லாமார். பருத்த ஆள், தாடியில் ரொட்டித் தூள். அவன் காரை ஒரு சுற்று சுற்றி வந்து, கொம்பின் உயரத்தைக் கையால் அளந்தான்.

"கூரை போட்ட பழைய மரப்பாலம் வழியா போக முடியாது, மேல இடிக்கும். சுத்திக்கிட்டுத்தான் போகணும். போன மாசம் ஒரு வேன் தூக்கினேன் மேடம், உள்ள முழுக்க ஏரி. மீனோட குடுத்துட்டாங்க. வழியெல்லாம் தண்ணி. அதுக்கு இது எவ்வளவோ பரவால்ல."

சங்கிலி மாட்டியதும் கார் முரண்டு பிடித்தது. கியர் எதுவும் போடாத கார், நான்கு சக்கரத்தையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு பின்னுக்கு இழுத்தது. இழுவை வண்டியின் முன்பக்கம் எழும்பியது. லாமார் மூன்று முறை முயன்று, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். மாவிஸ், ஆப்பிள் காட்டிப் பார் என்றாள். வெர்னா காட்டவில்லை. காரின் முன்னால் போய் நின்று, இரண்டு கொம்புகளுக்கும் நடுவே, உலோகம் சூடாக இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். அவள் காரோடு பேசியது ஊர்க்காரர்களுக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"போ. எனக்கு இனிமே யாரையும் பார்த்துக்க முடியல."

கார் சக்கரங்களைத் தளர்த்தியது. அவ்வளவுதான், ஏறிவிட்டது. வெர்னா உரிமைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். மலையைச் சுற்றிப் போன எட்டு மைல் தூரமும் மான்கள் காட்டோரத்துக்கு வந்து வரிசையாக நின்றன என்றும், ஹார்ன் அடித்தும் ஒன்றுகூட ஓடவில்லை என்றும் லாமார் பிறகு பெட்ரோல் நிலையத்தில் சொன்னான். அன்றைக்கு வெர்னா பகல் பதினொன்றுக்குப் படுத்தவள், மறுநாள் சலவைக்கூடத்திலிருந்து ஏன் வரவில்லை என்று கேட்டுத் தொலைபேசி வந்தபோதுதான் எழுந்தாள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டாள். உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

டிசம்பரில் சங்கத்தின் கடிதம் வந்தது. வண்டியை ஏலத்தில் விடவில்லை, பழுதுபார்த்துத் தாங்களே வைத்துக்கொள்கிறோம், நன்றி. பிப்ரவரியில் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, தீவனக் கடையின் பின்னறையில் வரிக் கணக்கு போட்டுத் தருகிற எல்வுட் ஹெஸ்ஸிடம் போனாள். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மூக்கை உறிஞ்சினார்.

"நல்ல சீட்டு. எல்லாம் சரியா இருக்கு. ஆனா உனக்குப் பிரயோசனம் இல்ல வெர்னா."

"கொம்பு இருந்ததாலயா?"

"கொம்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. எல்லாருக்கும் பொதுவா ஒரு கழிவு குடுக்கறாங்க. உன்னோட தானம், செலவு எல்லாத்தையும் கூட்டினாலும் அதுல பாதிகூட வராது. ரெண்டுல ஒண்ணுதான் எடுக்க முடியும். அதனால பொதுவானதையே எடுத்துக்கோ. கார் குடுத்திருந்தாலும் அதேதான், குடுக்காம இருந்தாலும் அதேதான்."

"அப்ப சும்மா குடுத்ததா ஆச்சா?"

"சும்மாதான் குடுத்திருக்கே."

வெர்னா கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அவளுக்கு வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. வீட்டுக்குப் போகிற வழியில் மனசுக்குள் தேடிப் பார்த்தாள், கோபம்கூட இல்லை. முற்றத்தில் கார் நின்ற இடத்தில் பனி மட்டமாக விழுந்திருந்தது.

சங்கத்தார் வசந்தத்தில் அவளைக் கூப்பிட்டு, அந்தக் கார் யார் ஓட்டினாலும் திமிறுகிறது, நீங்கள் வாரம் இரண்டு நாள் வந்து ஓட்ட முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றாள். காரணம் கேட்டார்கள். முடியாது என்று மறுபடியும் சொன்னாள். மாவிஸ்தான் போனாள். கார் அவளிடம் ஒருவாரம் திமிறிவிட்டு அடங்கிப்போனது. சிறுநீரகத்துக்குச் சுத்திகரிப்பு செய்துகொள்கிறவர்களையும், கண் அறுவைக்குப் போகிறவர்களையும் அவள் கூட்டிப்போனாள். கொம்பில் கோட்டுகளை மாட்டிக்கொண்டார்கள். சாலையில் மான்கள் நின்றால் கார் தானாக நின்று, அவை போன பிறகு தானாகக் கிளம்பும். அதற்குத் தகுந்தபடி நோயாளிகள் பத்து நிமிடம் முன்னதாகவே புறப்பட்டார்கள். அந்த நவம்பரில் சர்ச் விருந்தில் மாவிஸ் ஆர்லினைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேர் கேட்டார்கள். முட்டைக்கோசில் உப்பு குறைவு என்றாள்.

ஜனவரியில் ஆஸ்பத்திரி வாசலில் இடது கொம்பு உதிர்ந்தது. காவலாளி அதை எடுத்து, யாருடையது என்று கேட்டு, தொலைந்த பொருட்கள் அலமாரியில் குடைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவும் செய்தார். மாவிஸ் கையெழுத்துப் போட்டு வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, வெர்னாவின் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். வெர்னா அதைத் தாண்டித் தாண்டி வேலைக்குப் போய் வந்தாள். உள்ளே எடுத்து வைக்கவில்லை, எறியவும் இல்லை. மார்ச் முடிவதற்குள் அணில்கள் அதைக் கொறித்துத் தீர்த்துவிட்டன.