முப்பது முடிச்சுகள்

இஸ்திரி போடும் அக்காவின் மேல்சட்டைக் கையில் மூன்று சிவப்பு நூல் முடிச்சுகள் இருக்கும். ஒருநாள் அவள் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கைகழுவப் போனபோது, கேட்காமலே படம் எடுத்துக்கொண்டேன். நாங்கள் இருவரும் வேலை செய்யும் சட்டைக் கம்பெனியில் டிசைன் வரைவது என் வேலை. மூன்றை முப்பதாக்கிக் கழுத்தைச் சுற்றி ஓடவிட்டேன். முதலாளி பாராட்டினார்.

இன்று காலை, தைத்து முடித்த முந்நூறு சட்டைகளும் அக்காவின் மேசைக்கு வந்தன. அவள் ஒன்றை விரித்துப் பார்த்தாள்.

"இதை யாரும்மா வரைஞ்சது?"

"கம்ப்யூட்டர்ல கிடைச்சதுக்கா."

"எங்க ஜனங்க, வீட்ல ஒரு உசுரு போனா ஒரு முடிச்சு போட்டுக்குவாங்க. எனக்கு அம்மா, அண்ணன், என் புள்ளை. இதுல முப்பது இருக்கு. பாவம், உன் கம்ப்யூட்டருக்கு வீட்ல ஒருத்தருமே மிஞ்சல போல."

சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அவள் ஒவ்வொரு சட்டையையும் முடிச்சுகளின் மேல் இஸ்திரிப் பெட்டி படாமல், சுற்றிச் சுற்றியே தேய்த்தாள். என் வேலையை விட்டுவிட்டு எதிரில் நின்று மடித்தேன். கடைசிச் சட்டை வந்தபோதுதான் வாய் திறந்தது.

"நான்தான்க்கா உங்க சட்டையைப் பார்த்து எடுத்தேன்."

"தெரியும்டி," என்றாள், நிமிராமல். "கை கோணலா இருக்கு பாரு. சரியா மடி."