உருகிய கடப்பாரை

எனக்கு மூக்கின்மேல் கோபம். குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது ஒரு தகுதி என்றே சொல்வேன். படிக்கட்டில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டு, மாவுக்கட்டோடு தம்பி வீட்டில் வந்து கிடந்தபோது, எரிந்து விழ ஆளில்லாமல் தவித்துப்போனேன். தம்பி கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன், காலையிலேயே கிளம்பிவிடுவான். மிச்சம் இருப்பது அவன் மனைவி. அவளைத் திட்டினால் அவள் காதில் விழுந்தால்தானே?

அவள் ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தாள். தன்னந்தனியாக. நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு, துணி காயப்போடும் பின்னறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பூமிக்கடியில் ஒரு சுரங்கம். அங்கே ஒற்றை ஆள் பாறையை உடைத்து, உலை கட்டி, பொருள்களை நகர்த்தும் பெல்ட் போட்டு, ஒவ்வொரு வேலையாக இயந்திரத்திடம் ஒப்படைத்துக் கடைசியில் பெரிய தொழிற்சாலையே எழுப்ப வேண்டும். அதில் வரும் ஒவ்வொரு கல்லும் அவள் வரைந்தது. சத்தம்கூட அவளே. உலை மூச்சு விடும் சத்தம் வேண்டும் என்று குக்கருக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தள்ளி நில்லும்மா, மூஞ்சி வெந்துடப் போகுது," என்று கத்தினேன். என் கத்தலும் சேர்ந்து பதிவாகிவிட்டது. முகம் சுளிக்காமல் மறுபடி முதலிலிருந்து எடுத்தாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் சோறுகூட இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டேன்.

"வெளையாடிப் பாக்கச் சொல்லி நாலு பேருக்குக் குடுத்தேன் அண்ணி. பிரமாதம்னு எழுதுறாங்க. ஆனா எல்லாரும் ஒரே எடத்துல மூடிட்டுப் போயிடுறாங்க. திரும்பி வரவே இல்ல."

"ஏன்னு கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். நேரம் இல்லைன்னு சொல்றாங்க."

வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஓர் இணையக் கண்காட்சிக்கு அதை அனுப்பியாக வேண்டும். இப்படியே அனுப்பினால் அங்கேயும் எல்லாரும் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். பழைய கம்பெனியோ, திங்கட்கிழமை வருகிறாயா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தது. சரி செய்ய முடியாவிட்டால் கேமை மூடி வைத்துவிட்டு அங்கேயே போய்விடுகிறேன் என்று தம்பியிடம் சொல்லிவிட்டாளாம். அந்த வேலையில் இருந்தபோது அவள் முகம் எப்படி வாடிக் கிடக்கும் என்று எனக்குத் தெரியும்.

"கொண்டா, நான் ஆடிப் பாக்குறேன்," என்றேன்.

"ஒண்ணு சொல்லிடுறேன் அண்ணி. நான் பின்னாடி உக்காந்து பாக்க மட்டும் செய்வேன். நீங்க திட்டுனாலும் வாயத் தொறக்க மாட்டேன். சொல்லிக்குடுத்துட்டா தப்பு எங்கன்னு தெரியாது."

சொல்லிவிட்டு ஒரு பென்சிலைக் குறுக்காகப் பல்லில் கடித்துக்கொண்டாள். இப்படி வாயைக் கட்டிக்கொண்டு உட்காரும் மனுஷியை நான் பார்த்ததே இல்லை.

கட்டுப்போட்ட காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். என் ஆள் கையில் ஒரு கடப்பாரை. அதைக்கொண்டு பாறையைக் குத்திக் குத்தி நிலக்கரி எடுத்தேன், செம்பு எடுத்தேன். உலை மூச்சு விட்டது. கரியை எரித்து மின்சாரம் தரும் ஜெனரேட்டர் வந்தது. அப்புறம் முதல் டிரில். அதன் முனைக்கு நல்ல இரும்பு வேண்டும், கடப்பாரையை உலையில் போடு என்றது. போட்டேன். இத்தனை நேரம் கூடவே உழைத்த கடப்பாரை மெல்லச் சிவந்து, வளைந்து, உருகி, டிரில்லின் முனையாக வந்து பொருந்தியது. டிரில் சுழன்று தானாகப் பாறையைத் துளைக்கத் தொடங்கியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. திரும்பிப் பார்த்தேன். பென்சிலைக் கடித்தபடியே சிரித்தாள்.

அதற்கப்புறம் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. டிரில்லுக்கு மேல் டிரில், உலைக்கு மேல் உலை. செம்புத் தகடுகள் பெல்ட்டில் வரிசை கட்டிப் போவதைக் கண்கொட்டாமல் பார்த்தேன். காப்பி ஆறிப்போனது. இன்னும் ஓர் உலை, அவ்வளவுதான் என்று வைத்தேன்.

மின்சாரம் பத்தவில்லை. டிரில்கள் மெதுவாகின. டிரில் மெதுவானதால் கரி குறைந்தது, கரி குறைந்ததால் மின்சாரம் இன்னும் குறைந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து, முழுத் தொழிற்சாலையும் இருட்டில் நின்றுவிட்டது. ஜெனரேட்டருக்கு ஒரு கட்டி கரி போட்டால் போதும். எதிர்ச்சுவர் முழுக்கக் கரி. என் ஆள் கையில் ஒன்றுமில்லை.

"என் கடப்பாரை எங்கடி?"

பென்சில் பேசவில்லை.

அங்கே ஓடினேன், இங்கே ஓடினேன். திரும்பத் திரும்ப அந்த முதல் டிரில்லிடமே வந்து, "இதுதான், இந்தச் சனியன்தான் முழுங்குச்சு," என்று பொத்தானைப் போட்டு அமுக்கினேன். மற்ற இயந்திரங்களையெல்லாம் கழற்றலாம், இதை மட்டும் அசைக்க முடியவில்லை. கடைசியில் மவுஸைத் தள்ளிவிட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. நான் அப்புறமா ஆடுறேன்."

படக்கென்று ஒரு சத்தம். அவள் கடித்ததில் பென்சில் உடைந்துவிட்டது.

"இதையேதான் அண்ணி அவங்களும் எழுதுனாங்க," என்றாள். முகத்தில் ஈயாடவில்லை. "டிரில் வந்தப்புறம் கடப்பாரைய யாரு தேடப் போறாங்கன்னு நெனச்சேன். அந்த முதல் டிரில் ஞாபகமா எப்பவும் நிக்கணும்னு கழட்ட முடியாம பண்ணி வெச்சேன்."

சாயங்காலம் தம்பி வந்து கேட்டுவிட்டு, "இன்னொரு கடப்பாரையக் குடுத்துட்டாப் போச்சு," என்றான்.

"அப்ப உருக்குனதுக்கு என்ன அர்த்தம்? இந்த கேமே அந்த எடத்துக்காகத்தான் ஆரம்பிச்சேன்."

"உன் புருஷன் லென்ஸ மாத்துற மாதிரியே பேசுறான், விடு," என்றேன். ஆனால் எனக்கும் வழி தெரியவில்லை.

அவள் மறுபடி பின்னறைக்குப் போனாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள். அதே இருட்டு, அதே நின்றுபோன தொழிற்சாலை, என் ஆள் அதே வெறுங்கையோடு. அவள் வாயில் புதுப் பென்சில்.

"என்ன மாத்துன?"

திரையைப் பார்க்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். வெளியே மாலை வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தேடித் தேடி அலுத்தேன். எனக்கே தெரியாவிட்டால் யாருக்கும் தெரியாது, திங்கட்கிழமை இவள் அந்த கம்பெனிக்குப் போய்விடுவாள் என்று நினைக்கவும் தலைக்கு ஏறிவிட்டது. நேராக அந்த முதல் டிரில்லிடம் போனேன்.

"எல்லாம் உன்னாலதான்!" என்று பொத்தானைப் போட்டு அமுக்கினேன்.

டிரில் ஆடியது. இன்னும் அமுக்கினேன். துரு உதிர்ந்தது. சட்டென்று முனை கழன்று, பழைய கடப்பாரையின் அதே கணீர் சத்தத்தோடு என் ஆள் கையில் வந்து விழுந்தது.

அன்றைக்கு நான் திட்டியதை எல்லாம் அவள் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாளே, என் கோபம் எங்கே போய் முட்டுகிறது என்றுதான் பார்த்திருக்கிறாள். சரியாக அங்கேயே கதவைத் திறந்து வைத்திருக்கிறாள். கடப்பாரை உருகியது உருகியதுதான், ஆனால் தொலையவில்லை.

பிடி இல்லாத முனையால் சுவரைக் குத்தினேன். ஒரே ஒரு கட்டி கரி. ஜெனரேட்டரில் போட்டேன். உலை மூச்சு விட்டது. ஒரு விளக்கு, அடுத்தது, அடுத்தது. பெல்ட் நகர்ந்தது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது, துடைக்கவும் இல்லை.

அவள் பென்சிலை வாயிலிருந்து எடுத்தாள். முழுசாக இருந்தது.

"அனுப்பிடட்டுமா அண்ணி?" என்றாள். "எந்திரிங்க. இந்த கம்ப்யூட்டர்லேருந்துதான் அனுப்பணும்."

எழுந்து இடம் விட்டேன். அவள் அனுப்பி முடித்ததும், அதே கையோடு பழைய கம்பெனிக்கு வர முடியாது என்று எழுதச் சொல்லி, எழுதும்வரை ஒற்றைக் காலில் பின்னாலேயே நின்றேன். இந்த முறை வாயைக் கட்டிக்கொண்டது நான்தான். எழுதி முடித்துத் திரும்பிப் பார்த்தாள்.

"தள்ளு," என்றேன். "என் செம்பு வரிசை எனக்காகக் காத்துக் கெடக்கு."