ஐந்து பேர் விறகு வெட்டப் போனார்கள்

இரண்டு வருடமாக மனு கொடுத்தும் நடக்காத காரியம், பதினோரு நாளில் நடந்து முடிந்தது.

புனேயின் ஔந்தில் அந்த அடுக்ககத்தின் 'பி' பிளாக் வாசலில் மொத்தம் நாலு படிகள்தான். ஆனால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சவரிமுத்துவுக்கு அவை நாலு மலைகள். டாக்டரிடம் போவதென்றாலும் சர்ச்சுக்குப் போவதென்றாலும் மகள் மல்லிகா வாட்ச்மேனைக் கூப்பிட வேண்டும், கூட இன்னொருவரைத் தேட வேண்டும். நாற்காலியோடு சேர்த்து அவரைத் தூக்கி இறக்குவார்கள், தெர்மாகோல் பெட்டியில் வைத்த டிவியை இறக்குவது போல.

ஒரு சரிவுப் பாதை போட்டுக் கொடுங்கள் என்று மல்லிகா கேட்காத நாளில்லை. பார்க்கிங் இடம் போய்விடும் என்றது கமிட்டி. அப்புறம் மழைத் தண்ணீர் தேங்கும் என்றது. அதற்கப்புறம், அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றது.

ஜூலைக் கடைசியில் திடீரென்று சிமெண்டும் மணலும் வந்து இறங்கின. ஆகஸ்ட் பிறந்தபோது பாதை தயார். ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஸ்டீல் கம்பிகூட உண்டு.

"இன்னாம்மா, செகரெட்டரிக்குத் திடீர்னு நல்ல புத்தி வந்துடுச்சு?" என்றார் சவரிமுத்து.

"வந்துடுச்சுப்பா," என்றாள் மல்லிகா. அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

சவரிமுத்துவுக்குத் தொண்ணூறு வயது. புதுச்சேரிக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து திரும்பியவர்களை அங்கே 'சொல்தா' என்பார்கள். அவர் வெறும் சொல்தா அல்ல, ஆபீசர், லெஃப்டினென்ட். மனைவி இறந்தபின் மூன்று வருடமாக மகளோடு புனேயில் இருக்கிறார். மல்லிகா ஒரு கல்லூரியில் பிரெஞ்சு கற்பிக்கிறாள். மருமகன் ரவிச்சந்திரன் தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு இன்சார்ஜ். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்குவார்.

ஆகஸ்ட் பதிமூன்றாம் தேதி காலை செகரெட்டரி மாதவ் பேண்ட்சே நேரிலேயே வந்தார். இத்தனை நாள் லிப்டில் பார்த்தால்கூட செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனிதர், அன்றைக்கு செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து சவரிமுத்துவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். ஒரு சால்வை, ஒரு தேங்காய், ஓர் அழைப்பிதழ். ஹிந்தியில் மடமடவென்று பேசினார். சவரிமுத்துவுக்கு ஹிந்தி வராது. ஆனால் நடுநடுவே 'ஸ்வதந்த்ரதா, ஸ்வதந்த்ரதா' என்று காதில் விழுந்தது. அந்தச் சொல் புரியாமல் போக அவர் என்ன இங்கிலீஷ்காரரா?

செகரெட்டரி போனதும் கேட்டார்.

"சுதந்திரம் சுதந்திரம்னு இன்னா சொல்லிட்டுப் போறாரு?"

"சுதந்திர தினத்துக்கு நீங்கதான் கொடி ஏத்தணுமாம்."

"எதுக்கு நான்? இந்த பில்டிங்ல என்னை யாருக்குத் தெரியும்?"

"வயசுல பெரியவர் இல்லையா?"

"ஏ பிளாக்ல ஒரு கிழவனுக்குத் தொண்ணூத்தி மூணு. நீதானே சொன்ன. அந்தக் கார்டைக் குடு."

கார்டில் ஒரு பக்கம் மராத்தி, மறுபக்கம் இங்கிலீஷ். இங்கிலீஷ் எழுத்துக்களைச் சவரிமுத்து பிரெஞ்சு வாசனையோடு மெல்ல மெல்லப் படித்தார். அல்ஜீரிய சுதந்திரப் போரில் பங்கெடுத்த விடுதலைப் போராட்ட வீரர், லெஃப்டினென்ட் சவரிமுத்து அவர்கள் கொடியேற்றுவார்.

கார்டு அவர் மடியில் விழுந்தது.

"யார் இப்படி எழுதினது?"

மல்லிகா சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். "ஜூலை மாசம் கமிட்டியில ஒரு ஃபார்ம் குடுத்தாங்கப்பா. சீனியர் சிட்டிசன் யார் யாரு, என்ன வேலை பார்த்தாங்கன்னு. நான் 'லெஃப்டினென்ட், அல்ஜீரிய சுதந்திரப் போர், ஐம்பத்தேழுலேர்ந்து அறுபது'ன்னு எழுதினேன். அவ்வளவுதான். அல்ஜீரியா பக்கமா, பிரான்ஸ் பக்கமான்னு அதுல கட்டம் இல்லை. பேண்ட்சே தானா ஒண்ணு நினைச்சுக்கிட்டாரு."

"நீ திருத்தலை."

"மறுநாளே மேஸ்திரியைக் கூட்டிட்டு வந்து அளவெடுத்தாருப்பா. எப்படித் திருத்துவேன்? ரெண்டு வருஷமா உங்களை மூட்டை மாதிரி தூக்கி இறக்கிட்டிருந்தேன். நான் பொய் எதுவும் எழுதலை."

"உண்மையும் எழுதலை."

சொன்ன வேகத்திலேயே அவருக்கு உறைத்தது. இந்தக் குற்றத்தை எடுத்துச் சொல்ல உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் யோக்கியதை இருக்கலாம்; தனக்கு இல்லை. அறுபத்தேழு வருடத்துக்கு முன்னால், மலைமேல் ஒரு கூடாரத்தில், ஒரே வரியில் ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர். 'தப்பி ஓட முயன்றபோது சுடப்பட்டனர்.'

"அப்பா, சும்மா போயி கயித்தை இழுத்துட்டு வந்துடலாம். பேசவே வேணாம். ரெண்டு நிமிஷம். எனக்காக," என்றாள் மல்லிகா.

மகள் கண்ணில் தண்ணீர் நின்றது. சரி என்றார் சவரிமுத்து. பேசாமல் இருப்பது அவருக்கென்ன புதிதா? கட்டின மனைவியிடமே ஐம்பது வருடம் பேசாமல் இருந்தவர்.

பதினைந்தாம் தேதி காலை மழை தூறிக்கொண்டிருந்தது. பார்க்கிங் இடத்தில் பந்தல் போட்டு, ஸ்பீக்கரில் தேசபக்திப் பாட்டு வைத்திருந்தார்கள். ஒரு மேஜையில் ஜிலேபியும் வடாபாவும். மல்லிகா நாற்காலியைப் புதுப் பாதையில் இறக்கிக்கொண்டு வந்தபோது அறுபது எழுபது பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒரு பெண் ஆரத்தி எடுத்துப் பொட்டு வைத்தாள். பின்வரிசையில் யாரோ, "ஆஜோபா கீ ஜெய்!" என்று கத்தினார்கள்; ஆஜோபா என்றால் மராத்தியில் தாத்தா.

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். ஜனங்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

கொடிக் கம்பத்தடியில் கயிற்றை அவர் கையில் கொடுத்தார் பேண்ட்சே. கொடுத்தவர் சும்மா இருந்திருக்கலாம். மைக்கையும் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டார்.

"ரெண்டு வார்த்தை, ஆஜோபா. உங்க பாஷையிலேயே பேசுங்க. மேடம் ஹிந்தியில சொல்லட்டும்."

"வேணாம்ப்பா," என்று மல்லிகா காதோடு சொன்னாள்.

அவர் கையிலிருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். புத்தம் புதுக் கயிறு. பேசக்கூடாது என்றுதான் வந்தார். ஆனால் வாய் திறந்துகொண்டது.

"அந்த மலையில ஒரு கிராமம் இருந்தது," என்றார். "ஐம்பத்தெட்டாம் வருஷம். எனக்கு இருபத்திமூணு வயசு. எங்க கம்பெனியில கறுப்புத்தோல் ஆபீசர் நான் ஒருத்தன்தான். அதனால ஊர்க்காரங்க என்கிட்டதான் வருவாங்க. வெள்ளைக்காரன்கிட்ட பேசாததை என்கிட்டப் பேசுவாங்க. ஒரு பெரியவர் கேட்டாரு: 'உங்க ஊரை விட்டுத்தான் பிரெஞ்சுக்காரன் போயிட்டானாமே, நீ ஏன் அவன் பின்னாடியே இங்க வந்த?'"

மல்லிகாவின் கை அவர் தோளை அழுத்தியது. அவர் நிறுத்தவில்லை.

"ஒரு நாள் அஞ்சு பேரைப் பிடிச்சாங்க. துப்பாக்கி எதுவும் கிடைக்கலை. சந்தேகம், அவ்வளவுதான். காப்டன் என்னைக் கூப்பிட்டு, 'இவங்களை விறகு வெட்ட அனுப்பு'ன்னான். அப்படின்னா என்ன அர்த்தம்னு முகாம்ல சமையக்காரனுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். தெரியாம செஞ்சேன்னு சொல்லமாட்டேன். நான் வெள்ளைக்காரனை விட ஒரு படி மேல விசுவாசம்னு காட்டணும்னு இருந்த நேரம் அது. ஊர்க்காரங்க எங்க கூட்டிட்டுப் போறேன்னு கேட்டாங்க. 'விறகு வெட்ட. சாயந்திரம் வந்துடுவாங்க'ன்னேன். நான் சொன்னதாலதான் நம்பினாங்க. அந்த அஞ்சு பேர்ல ஒருத்தன், இரு வர்றேன்னு வீட்டுக்கு ஓடினான். தப்பிச்சுப் போயிடுறானா போகட்டும்னு மனசுக்குள்ள நினைச்சேன். திரும்பி வந்துட்டான். கையில கயிறு. விறகைக் கட்ட வேணாமா?"

மழை பந்தலின் மேல் சடசடத்தது.

"கட்டளை குடுத்தது நான்தான்."

அவ்வளவுதான். மைக்கை மல்லிகாவிடம் கொடுத்தார். அவள் கூட்டத்தைப் பார்த்தாள், சரிவுப் பாதையைப் பார்த்தாள், பிறகு பேசினாள். நாலைந்து வாக்கியம். குரல் உடைந்து உடைந்து வந்தது.

சவரிமுத்து மகளைப் பார்க்கவில்லை. ஜனங்களின் முகங்களைப் பார்த்தார். பாஷை தெரியாத ஊரில் அவர் கற்ற பாடம் அது. மொழிபெயர்ப்பவன் என்ன சொன்னான் என்று கேட்பவன் முகம் காட்டிக் கொடுத்துவிடும். அந்தக் கிராமத்திலும் அப்படித்தான். 'சாயந்திரம் வந்துடுவாங்க' என்று அந்த ஊர்ச் சிப்பாய் மொழிபெயர்த்ததும், பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன.

இங்கேயும் முகங்கள் தெளிந்தன. முன்வரிசைப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேண்ட்சே நெஞ்சில் கை வைத்தார். கைதட்டல் பந்தலைப் பிளந்தது.

"என்னம்மா சொன்ன?"

மல்லிகா உதட்டைக் கடித்தாள். "அஞ்சு தோழர்களைப் பறிகொடுத்தீங்கன்னு..."

அவருக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. தன் ரிப்போர்ட்டை மகள் இன்னொரு முறை எழுதுகிறாள், அதுவும் தன் பொருட்டு. இதை இப்படியே விட்டுவிட்டுச் செத்தால் அவளும் ஐம்பது வருடம் பேசாமல் இருப்பாள்.

மைக்கை அவள் கையிலிருந்து இழுத்தார். தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் சேர்ந்து இருபது வார்த்தை தேறுமா?

"நோ," என்றார். "ஃப்ரீடம் ஃபைட்டர், நோ. ஐ... அதர் சைட். பிரெஞ்சு ஆபீசர். ஃபைவ் மென். நோ கன். ஐ கிவ் ஆர்டர். தே டை."

கைதட்டல் ஒரேயடியாக நிற்கவில்லை. முன்வரிசையில் நின்று, பின்வரிசையில் கொஞ்ச நேரம் தத்தி, அப்புறம் ஓய்ந்தது. விஷயம் புரியாத ஒருவர் கடைசிவரை தட்டினார். பக்கத்திலிருந்த மனைவி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பேண்ட்சே மல்லிகாவைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் பெரிதாகியிருந்தன.

"மேடம், இது நிஜமா?"

"நிஜம்," என்றாள் மல்லிகா. பிறகு மைக் இல்லாமலே, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, ஹிந்தியில் முதலிலிருந்து சொன்னாள். இம்முறை அவள் குரல் உடையவில்லை. சவரிமுத்து மறுபடியும் முகங்களைப் பார்த்தார். இந்த முறை மகள் ஒரு சொல்லையும் விடவில்லை என்று தெரிந்தது.

பேண்ட்சே குனிந்து அவர் விரல்களிலிருந்து கயிற்றை மெதுவாக வாங்கிக்கொண்டார். முரட்டுத்தனம் இல்லை, மரியாதையும் இல்லை. ஏ பிளாக்கின் தொண்ணூற்று மூன்று வயதுக்காரரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து நிறுத்தினார்கள். கொடி ஏறியது. எல்லோரும் ஜன கண மன பாடினார்கள். சவரிமுத்து நாற்காலியின் கைப்பிடியை அழுத்திப் பாதி எழுந்தார்; முழங்கால் விடவில்லை; பாட்டு முடியும்வரை அந்தப் பாதியிலேயே நின்றார்.

ஜிலேபி மேஜைப் பக்கம் கூட்டம் போயிற்று. அவர்களிடம் யாரும் வரவில்லை. பேண்ட்சே மட்டும் தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, யாருடனோ பேசப் போய்விட்டார். பாதையை இடிக்கச் சொல்வாரோ? சொல்லட்டும்.

மல்லிகா நாற்காலியைத் தள்ளினாள். ஈரத்தில் சக்கரம் வழுக்கியது. மேலே வந்து லிப்டுக்காகக் காத்து நின்றபோதுதான் பேசினாள்.

"அம்மாவுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியாது."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"உன் முகத்தை நான் தினம் பார்க்கணுமே."

லிப்ட் வந்தது. அவள் ஏறவில்லை. நாற்காலிக்கு முன்னால் வந்து, மழையில் நனைந்த புடவையோடு தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அந்த அஞ்சு பேருக்கும் பேர் என்னப்பா?"

சவரிமுத்துவின் உதடு அசைந்தது.

"ஒருத்தன் அக்லி. கயிறு கொண்டு வந்தவன். அவன் தம்பி முஹந்த். வயசானவர் ஒருத்தர், சயீத்." விரல்களை மடக்கிக்கொண்டே வந்தவர் மூன்றோடு நிறுத்தினார்.

"மத்த ரெண்டு பேர்?"

லிப்டின் கதவு மூடிக்கொண்டது. இரண்டு விரல்கள் மடங்காமல் நீண்டபடியே இருந்தன.

"பேரை நான் கேட்கலை," என்றார்.