பசிக்காத தட்டு

கொழுப்பு உயிரணுக்களை வளர்க்கும் அந்த ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்யும் அவளுக்கு ஆயாம்மா என்று பட்டப்பெயர். காலையில் வந்து கை கழுவியதும் முதல் வேலையாக அணுக்கள் வளரும் தட்டுகளுக்குச் சத்துநீர் மாற்றிவிடுவாள். அணுக்களுக்குப் பசி பொறுக்காது என்பது அவள் கட்சி.

பதினான்கு நாள் வளர்த்த அணுக்கள். அட்ரினலின் என்ற ஹார்மோனை விட்டால் அவை கொழுப்பை உடைத்து வெளியேற்ற வேண்டும். உடம்பு எரித்துச் சக்தியாக்குவது அதைத்தான். கொழுப்பு உடைந்தால் சோதனைநீர் ரோஸ் நிறமாகும். மூன்று முறை சோதித்தும் வெறும் தண்ணீராகவே நின்றது. நாளைக்கும் நிறம் வராவிட்டால் அணுக்கள் செத்துவிட்டன என்றுதான் அர்த்தம், மொத்தத்தையும் பிளீச்சிங்கில் கொட்டிவிடு என்று சொல்லிவிட்டார் ஆய்வகத் தலைவி டாக்டரம்மா. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எண்ணெய்த் துளிகள் பாசிமணிபோல மின்னுகின்றன. செத்ததுகள் இப்படிக் கொழுகொழுவென்று இருக்குமா?

மத்தியானம் பாட்டில் கழுவும் அக்காவிடம் புலம்பினாள். எட்டு மணிக்குச் சத்துநீர், ஒன்பது மணிக்கு ஹார்மோன், ஒரு குறையும் வைக்கவில்லையே என்றாள். அக்கா தம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏன்டி, மூக்குப்பிடிக்கத் தின்னவகிட்ட போய், டப்பாவுல சேத்து வச்சத எடுத்துத் தின்னுன்னா எடுப்பாளா?"

சிரிக்கப் போனவள் பாதியில் நிறுத்தினாள். சத்துநீரில் இன்சுலின் இருக்கிறது. சாப்பாடு வந்துவிட்டது, சேமிப்பில் கை வைக்காதே என்று அணுவுக்குச் சொல்கிற ஹார்மோன் அது. தினமும் காவலாளியை நிறுத்திவிட்டு, பின்னாலேயே பூட்டை உடைக்க ஆள் அனுப்பியது அவளேதான்.

மறுநாள் ஒரு தட்டுக்கு மட்டும் வழக்கம்போல ஊட்டினாள். இன்னொன்றை இன்சுலின் இல்லாத நீரால் இரண்டு முறை அலசி, அதே நீரிலேயே நான்கு மணி நேரம் வயிறு காயப்போட்டாள். சத்துநீர் ஊற்றாமல் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

"என்ன ஆயாம்மா, பிள்ளையப் பட்டினி போட்டுட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"ஒரு வேளைதானே மேடம். பாத்துடுவோம்."

இரண்டு தட்டுக்கும் ஒரே அளவு அட்ரினலின். இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்தாள். ஊட்டிய தட்டின் நீர் அப்படியே நின்றது. பட்டினித் தட்டின் நீர் மெல்ல மெல்ல ரோஸாகியது. டாக்டரம்மா இரண்டு குழாய்களையும் வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு பிளீச்சிங் பாட்டிலைத் தாமே எடுத்துப்போய் அலமாரியில் வைத்தார்.

ஆயாம்மா அதைக் கவனிக்கவில்லை. இன்சுலினைப் பாதியாகக் குறைத்தால் எவ்வளவு ரோஸ் வரும் என்று அடுத்த தட்டின் மேல் எழுதிக்கொண்டிருந்தாள்.