அறுபது மடங்கு

ஹார்னை விடாமல் அழுத்திக்கொண்டே ஜீப் ஒன்பதாம் பிளாக்குக்குள் நுழைந்தது. வாய்க்கால் ஓரம் நின்ற கொக்குகள் கலைந்து பறந்தன. புஷ்பவள்ளி கையிலிருந்த வெள்ளைச் சாய டப்பாவைக் கீழே வைத்தாள். கழுத்தில் தொங்கிய பைனாகுலரைச் சட்டைக்குள் தள்ளப் பார்த்தாள். அது அடங்குகிற அளவிலா இருக்கிறது?

உதவி மானேஜர் ஹைருல் இப்படி ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று எஸ்டேட்டில் ஒரு பேச்சு உண்டு. அவனுக்கு இருபத்தெட்டு வயதுதான். கோலசிலாங்கூரில் அவன் அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கடை. மரியாதையாகத்தான் பேசுவான். அந்த மரியாதைதான் அவளுக்குப் பயம்.

இறங்கியவன் மரங்களின் அடியில் தரையை நோக்கிக் கையைக் காட்டினான்.

நேற்றுதான் அங்கே புல் வெட்டியிருந்தார்கள். மூன்று மாதமாக முழங்கால் உயரத்துக்கு மண்டிக்கிடந்த புல் போனதும், அடியில் மறைந்திருந்தது வெளியே வந்துவிட்டது. அழுகிய செம்பனைப் பழங்கள். மரத்துக்கு மரம் அரைக்கூடை, ஒரு கூடை. அத்தனையும் வெள்ளைக் கோடு விழாத மரங்கள்.

கோடு போடுவது புஷ்பவள்ளியின் வேலை. அறுப்பு ஆட்களுக்கு அவள்தான் மண்டோர், மேற்பார்வைக்காரி. எல்லாம் வயதான மரங்கள். குலையைப் பார்க்க நாலு மாடி உயரத்துக்கு அண்ணாந்தாக வேண்டும். அவள் முன்னால் நடந்து, சிவந்து பழுத்த குலை எந்த மரத்தில் இருக்கிறதோ அதில் கோடு போடுவாள். குலை கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ இருந்தால் காய், விட்டுவிடுவாள். பின்னால் சேதுவும் அவன் ஆட்களும் நீளக் கழியில் கட்டிய அரிவாளோடு வந்து அறுப்பார்கள். காயை அறுத்து அனுப்பினால் ஆலையில் ஏச்சு. பழத்தை விட்டால் ஆபீசில் ஏச்சு.

இரண்டு அறுவடைச் சுற்றாக இவ்வளவு பழத்தை எப்படி விட்டீர்கள் என்று ஹைருல் கேட்டான். மழை என்றாள். உயரம் என்றாள். அவள் குரல் அவளுக்கே நம்பும்படி இல்லை.

பத்தாங் பெர்ஜுந்தாய் கிளினிக்கில் எழுதிக்கொடுத்த சீட்டு ஒன்றரை வருடமாக அவள் வீட்டு அரிசி டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது. இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். லீவு கேட்டால் காரணம் கேட்பார்கள். கண் தெரியாத மண்டோரை எந்த எஸ்டேட் வைத்துக்கொள்ளும்? புருஷன் போன பிறகு லயத்து வீடு அவளிடம் இருப்பதே இந்த வேலையால்தான். வேலை போன மறுமாதம் சாவியைக் கேட்பார்கள். மகள் மோகனாவுக்குப் பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் தவிப்பில் இருந்தபோதுதான் போன மாதம் கைப்பேசியில் ஒரு பைனாகுலர் விளம்பரம் வந்தது. அறுபது மடங்கு பெரிதாக்கும். பத்து கிலோமீட்டர் வரை தெளிவு. தொண்ணூறு மில்லிமீட்டர் லென்ஸ். இருட்டிலும் பகல் போலத் தெரியும். மாணிக்கச் சிவப்புப் பூச்சு. விலை முப்பத்தொன்பது வெள்ளி. இவ்வளவு மலிவாக இருக்கிறதே என்று மோகனா இழுத்தாள். புஷ்பவள்ளி காதில் வாங்கவில்லை.

வந்த மறுநாள் காலையிலேயே தோட்டத்துக்கு எடுத்துப் போனாள். பஞ்சு மாதிரி இருந்த மர உச்சி கிட்டே வந்தது. மட்டை தனியாக, குலை தனியாகத் தெரிந்தது. அழுகையே வந்துவிட்டது. ஆனால் பாதிக்கு மேல் குலைகள் கரும்பச்சையாகவே இருந்தன. இந்த வருஷம் பழுப்பது பிந்துகிறது என்று முதலில் நினைத்தாள். போன வாரம்தான் வேறு நினைப்பு வந்தது. பார்வை மங்கியது போதாதென்று நிறமும் போக ஆரம்பித்துவிட்டதோ?

ஹைருல் சேதுவைக் கூப்பிட்டான். எதிர் நிரையில் ஒரு மரத்தைக் காட்டி அவளிடம் சொன்னான்:

"அந்தக் கொல பழமா காயான்னு பார்த்துச் சொல்லுங்கக்கா."

பைனாகுலரைத் தூக்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கரும்பச்சை. இன்னொரு தரம் பார்த்தாள். அதேதான்.

"காய் சார்."

அறு என்றான் ஹைருல். சேது அவளை ஒரு தரம் பார்த்தான். பிறகு கழியை உயர்த்தி இழுத்தான். தொம்மென்று விழுந்த குலையிலிருந்து பழங்கள் தெறித்து அவள் பூட்ஸ் வரைக்கும் உருண்டு வந்தன. செக்கச்செவேல் என்று இருந்தன. அதைப் பார்க்க அவளுக்குக் கண்ணாடி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

முடிந்தது என்று நினைத்தாள். வீட்டுச் சாமான்களை எந்த லோரியில் ஏற்றுவது என்பது வரைக்கும் மனம் ஓடிவிட்டது.

ஹைருல் கையை நீட்டினான். கழற்றிக் கொடுத்தாள். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் கடலோரச் சதுப்புக்காட்டில் பறவை பார்க்கிறவன். கண்ணில் வைத்து, கீழே கிடந்த குலையைப் பார்த்தான். எடுத்துவிட்டுப் பார்த்தான். மறுபடி வைத்துப் பார்த்தான். சிரித்துவிட்டான்.

"இதுல பார்த்தா நானும் காய்ன்னுதான்லா சொல்வேன்."

தொண்ணூறு மில்லிமீட்டர் என்றால் லென்ஸ் தேநீர்க் கோப்பையின் வாய் அகலம் இருக்க வேண்டும், இதில் கூடுதான் பெரிது, கண்ணாடி ஐம்பது சென் காசு அளவுதான் என்று விரலை வைத்துக் காட்டினான். அறுபது மடங்கு சுத்தப் பொய், எட்டு இருந்தால் அதிகம். எல்லாவற்றையும்விட மோசம் அந்தச் சிவப்புப் பூச்சு. வருகிற வெளிச்சத்தில் சிவப்பை எல்லாம் வெளியே திருப்பி அடித்துவிடுகிறது, மீதிப் பச்சைதான் கண்ணுக்கு வருகிறது, பழம் பார்க்கிற ஆளுக்கு இதைவிடக் கெட்ட சாமான் கிடையாது என்றான்.

புஷ்பவள்ளிக்கு இப்போதுதான் புரிந்தது. நிறம் போகவில்லை. கண் இன்னும் அவ்வளவு கெடவில்லை. பெரிய மானேஜருக்கு எழுத மாட்டேன், சாமான் மேல்தான் தப்பு என்று அவன் சொன்னபோது சரி சார், சரி சார் என்று மட்டும் வந்தது.

ஹைருல் ஜீப் கதவைத் திறந்தான். ஏறாமல் நின்றான். ஏதோ இடித்தது போலிருந்தது அவனுக்கு.

"போன வருஷம் பூரா உங்க பிளாக்ல ஒரு பழம் வீணாப் போனதில்லயே. வெறுங்கண்ணாலயே அவ்ளோ சரியா பார்த்த ஆளு, எதுக்குக்கா இத வாங்குனீங்க?"

புஷ்பவள்ளி குனிந்து சாய டப்பாவைத் தேடினாள். அவள் தடுமாறுவதைப் பொறுக்காமல், அவளைக் காப்பாற்றுகிற நினைப்பில், சேது முந்திக்கொண்டான்:

"முன்னெல்லாம் அக்கா கோடு போடாம விட்ட பழத்தையும் நாங்களே பார்த்து அறுத்துருவோம் சார். இது கைக்கு வந்தப்புறந்தான், 'இப்ப எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுதுடா, கோடு போட்டத மட்டும் அறு'ன்னு அக்கா சொல்லிருச்சு."